அறுபதுக்குக் கீழே

"யாராவது பல்லைக் காட்டினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

டிரைவரம்மா கணவரையும் மகளையும் கடைசி முறையாக எச்சரித்தாள். பஸ் ஓட்டிய காலத்துப் பட்டப்பெயர் அது. மகளைத் தூக்கவும் குளிப்பாட்டவும் ஊட்டவும் ஆள் வேண்டுமே என்று ஸ்டியரிங்கை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது.

மாற்றுத்திறனாளிகள் உள்ள குடும்பங்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க இன்று ஆள் வருகிறார். நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே வாங்கினால் பகலெல்லாம் உதவியாளர் கிடைப்பார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். உதவியாளர் வந்தால் மறுபடி பஸ். விடுவாளா?

கணக்கெடுப்பாளர் வந்து உட்கார்ந்தார். "குடும்பமா சந்தோஷமா இருக்கீங்களா?"

"எங்கங்க!" என்று பெருமூச்சு விட்டாள்.

"இந்தப் பெருமூச்சுக்கு மூணு நாளா ஒத்திகை சார்" என்றாள் மகள். மாலையானால் மோட்டார் சக்கர நாற்காலியில் தெருத்தெருவாகச் சுற்றுகிறவள். வாய் ரொம்ப நீளம்.

கணவர் குபீரென்று சிரித்தார். டிரைவரம்மாவுக்கே அடக்க முடியவில்லை.

"அஞ்சுக்கு அஞ்சு" என்று குறித்துக்கொண்டார் கணக்கெடுப்பாளர்.

கணவரைச் சமையலறைக்கு விரட்டினாள். போன மனுஷன் சும்மா இருந்தாரா? எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"வீட்டு வேலையில பங்கு... அஞ்சு. அக்கம்பக்கத்துல உதவி?"

"ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்காது!"

சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து வீட்டுக்காரி மருந்துப் பையோடு உள்ளே வந்தாள். "அக்கா, மாத்திரை வாங்கிட்டேன். அறுபதைத் தாண்டலையே?"

அதற்கும் அஞ்சு.

வேறு வழி தெரியாமல் அழ ஆரம்பித்தாள். முதலில் நடிப்புதான், பிறகு நிஜமாகவே பொங்கிக்கொண்டு வந்தது. மகள் நாற்காலியை நகர்த்தி வந்து அவள் தோளில் தலை சாய்த்தாள்.

"பாசம்..." கணக்கெடுப்பாளர் மூக்கை உறிஞ்சினார். "அஞ்சு."

இருபது கேள்வியும் முடிந்தபோது மொத்தம் தொண்ணூற்றாறு.

டிரைவரம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "முதல்லேர்ந்து கேளுங்க சார். இந்தத் தடவை சரியா சொல்றேன். அறுபதுக்குக் கீழ வராம உங்களை விடமாட்டேன்!"

"இது வெறும் ஆய்வும்மா. உதவியாளருக்குத் தனி மனு; உங்க பொண்ணு போட்டது போன வாரமே பாஸாயிடுச்சு. அதுல, 'துணையில்லாம வீட்டை விட்டு வெளிய போக முடியாதவர் யாரு'ன்னு கேட்டிருந்த இடத்துல உங்க பேரைத்தான் எழுதியிருக்காங்க."