ரேவினின் அறுநூற்றுப் பதினோரு நாட்களை நான் அழித்த விதம்

ஓமரு, நியூசிலாந்து,
நவம்பர் 14, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனியார் நோலீன் அவர்களுக்கு,

தாங்களும், தங்கள் பூனையும், தங்கள் வலது முழங்காலும் நலமாயிருப்பதாக நம்பி இதை எழுதுகிறேன். (முழங்கால் குறித்த தகவல் ரேவின் வாயிலாகக் கிடைத்ததே தவிர, நான் நேரில் கண்டறிந்ததன்று.) இங்கு நானும் நலம், அதாவது, தனியே ரொட்டியை வாட்டி, தனியே உட்கார்ந்து, அதைத் தின்று முடிக்கும் நிலையை நலம் என்று கொள்ளலாமெனில்.

என் மனைவியும் தங்கள் தங்கையுமான ரேவின் சென்ற சனிக்கிழமை முதல் திமருவில் தங்கள் இல்லத்தில் இருக்கிறாள். நான் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் தாங்கள் எடுத்து, “அவ தோட்டத்துல இருக்கா, அலிஸ்டர்” என்கிறீர்கள். நேற்று திமருவில் நாள் முழுவதும் ஆலங்கட்டி மழை என்று வானொலி சொன்னது. ஆகவே எழுத்து மூலம் தெரிவிக்கிறேன். நாற்பத்தொரு ஆண்டுகள் நாங்கள் வாழ்ந்த இந்த வீட்டை நான் அவளுக்குத் தெரியாமல் விற்றுவிட்டு, இருவரையும் ரிமு தோட்டம் என்னும் முதியோர் குடியிருப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறேன் என்று அவள் நம்புகிறாள். அது உண்மையன்று. தாங்கள் இக்கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டி அவளை வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பதே என் ஒரே வேண்டுகோள்.

நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். சென்ற மாத இறுதியில் ஒரு நபர், ரிமு தோட்டத்துடன் தாம் செய்துகொள்ளவிருக்கும் ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். விஷயம் வெளியே தெரியக் கூடாது என்றும் சொன்னார். நான் ஓய்வு பெற்ற வழக்கறிஞன், கருத்துத்தான் சொல்வேன், ஆலோசனை தரமாட்டேன் என்று தெளிவுபடுத்திய பிறகே சம்மதித்தேன். அந்த நபர் யார் என்று நான் சொல்ல இயலாது. அவர் எங்கள் இடப்பக்க வேலிக்கு அப்பால் குடியிருக்கிறார் என்பதைக்கூட நான் சொல்ல இயலாது. அவருக்காக நான் எங்கள் டேப்லெட்டில் ரிமு தோட்டத்தின் வலைத்தளத்தை ஒரே ஒருமுறை, பதினொரு நிமிடம் பார்த்தேன். மறுநாள் ரேவின் வானிலை பார்க்க அதே டேப்லெட்டைத் திறந்தாள்.

“அலிஸ்டர், மழை வருமான்னு பாத்தா, ரிமு தோட்டத்துல ஒரு கிழவனும் கிழவியும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க. யாரு இவங்க?”

“எனக்குத் தெரியாதவங்க” என்றேன். அது முற்றிலும் உண்மை.

ருபார்ப் கேக் செய்முறை தேடினாள். அங்கும் அதே தம்பதி. ரக்பி முடிவு பார்த்தாள். அங்கும் அதே தம்பதி. “இந்த ஆளு நம்ம வீட்ல உன்னவிட ஜாஸ்தி நேரம் இருக்கான். நீதான் அங்க போய்ப் பாத்திருக்க. எதுக்குப் பாத்த?”

“அதச் சொல்ற நிலைமைல நான் இல்ல, ரேவின்.”

“அப்போ நெசந்தான்” என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் என்ன பொருள் என்பது தங்களுக்கு என்னைவிட நீண்ட காலமாகத் தெரியும்.

இதன் மூலத்தைக் கண்டறிவதே முறை என்று நான் நூலகத்துக்குச் சென்றேன். அங்கு கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் தெவிதா, டோங்கா நாட்டவர், ஐம்பது வயது, பொறுமையே உருவானவர். “நீங்க ஒரு தளத்துக்குள்ள கால வெச்சதும், அது உங்க டேப்லெட்டுல ஒரு சின்னச் சீட்டு எழுதி வெச்சிடுது, சார். அதுதான் குக்கி. அடுத்த தடவ போனா சீட்டப் பாத்துட்டு, ‘அட, பிரிங்கிள் சாரா’ங்குது. அந்தச் சீட்டால தொந்தரவு இல்ல. அது இல்லன்னா ஒவ்வொரு தடவையும் நீ யாரு எவருன்னு கேக்கும். விளம்பரக்காரன் வைக்கிற சீட்டு வேற. அவன் அங்கயும் உக்காந்திருக்கான், வானிலைலயும் உக்காந்திருக்கான், கேக்லயும் உக்காந்திருக்கான். அதான் உங்க பின்னாலயே வரான்.”

“நான் அனுமதி கொடுக்கலையே.”

“கொடுத்தீங்க சார். கீழ ஒரு பட்டை வந்து மறச்சிருக்கும். பெரிய பச்சைப் பொத்தான அமுக்கியிருப்பீங்க. பக்கத்துலயே சாம்பல் கலர்ல, எறும்பு சைஸுல ‘மறுக்கிறேன்’னு இருந்திருக்கும். அத யாரு பாக்குறா?”

படிக்காமல் நான் ஓர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறேன்! நாற்பது ஆண்டுகளாக எத்தனை பேரை இதற்காகக் கடிந்திருப்பேன்! உடனே அத்தளத்தின் குக்கி விதிமுறைகள் முப்பத்து நான்கு பக்கங்களையும் அச்சிட்டு, ஏற்க முடியாத ஷரத்துகளைச் சிவப்பு மையால் அடித்து, ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, செவ்வாய்தோறும் நூலக முன்கூடத்தில் மேஜை போட்டு அமர்ந்து, கேட்பவர்க்கெல்லாம் இலவசமாகச் சாட்சிக் கையொப்பமிடும் கௌரவ நீதிபதி நைரியிடம் கொண்டுபோனேன்.

“அலிஸ்டர், பாஸ்போர்ட் நகலுக்குப் போட்டிருக்கேன், விவாகரத்துக்குப் போட்டிருக்கேன். இதுக்கு யாரும் வந்ததே இல்ல. எதிர்த்தரப்பு யாரு?”

“ஒரு வலைத்தளம்.”

“அதுக்குக் கை இருக்கா, கையெழுத்துப் போட?” என்று கேட்டுக்கொண்டே முப்பத்து நான்கு பக்கங்களுக்கும் முத்திரை குத்தினார். பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை; தம்பதி மட்டும் வந்துகொண்டே இருந்தனர்.

மீண்டும் தெவிதாவிடம் சென்றேன். அவர் சிரிக்கவில்லை; இருமினார். தபால் வேண்டாம், டேப்லெட்டின் அமைப்புகளுக்குள்ளேயே எல்லாம் செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: வெளியார் குக்கிகளைத் தடுக்கலாம், வைத்த சீட்டுகளை அழிக்கலாம், இனி ரகசியமாக ஏதும் பார்ப்பதானால் தனிச் சாளரம் திறந்து பார்க்கலாம், மூடியதும் அதன் சீட்டுகள் மறைந்துவிடும். “ஆனா அந்த ஒரு தளத்த மட்டும் தேடிப் புடிச்சு அழிங்க சார்” என்று இருமுறை சொன்னார். அவர் சொன்னதை நான் மறைக்க விரும்பவில்லை. சனிக்கிழமை காலை வெளியார் குக்கிகளைத் தடுத்துவிட்டு அழிக்கும் பக்கத்தைத் திறந்தபோது, கடந்த ஒரு மணி நேரமா, கடந்த ஒரு நாளா, தொடக்கம் முதல் அனைத்துமா என்று அது கேட்டது. விடுதலைப் பத்திரம் எழுதுபவன் அரைகுறையாக எழுதக் கூடாது என்பது என் தொழிற்பழக்கம். அனைத்தும் என்றேன். அழிந்தது.

ரேவின் நாள்தோறும் காலையில் டேப்லெட்டில் ஆடும் சொற்கட்ட விளையாட்டைத் தாங்கள் அறிவீர்கள். அவள் அதில் ஒருநாள்கூட விடாமல் அறுநூற்றுப் பதினோரு நாட்கள் ஆடியிருந்தாள். இடுப்பு அறுவை சிகிச்சை நடந்த அன்றும், மயக்கம் தெளிந்து, முதலில் கேட்டது டேப்லெட்டை, பிறகுதான் என்னை. அந்த நாட்களின் எண்ணிக்கை முழுவதும் ஒரு குக்கியில் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. பதினோரு மணிக்கு அவள் திறந்தபோது அது, “வருக! முதன்முறையாக ஆடுகிறீர்களா?” என்று கேட்டது.

அவள் கத்தவில்லை, நோலீன் அவர்களே. கத்தியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. “வீட்டத்தான் எனக்குத் தெரியாம விக்கிறன்னு நெனச்சேன். என்னையே தொடச்சுட்டியே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பெட்டி எடுத்தாள். அதன் பிறகு நானே கடவுச்சொல்லைத் தேடி, அழித்ததில் வெளியேறியிருந்த அவளுடைய இணையக் கணக்கை டேப்லெட்டில் மறுபடி திறந்து வைத்தேன். தம்பதி போய்விட்டனர். அறுநூற்றுப் பதினொன்று திரும்பவில்லை. அவளும்.

ஆகவே இக்கடிதத்தின் மூலம் நான் எழுத்துபூர்வமாக உறுதியளிக்கிறேன்: இந்த வீடு விற்பனைக்கன்று, எக்காலத்திலும் எந்த முதியோர் குடியிருப்பிலும் நான் குடியேற மாட்டேன், ரேவினைக் குடியேற்றவும் மாட்டேன், இவ்வுறுதிமொழி என்னையும் என் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். வழக்கறிஞனான நான் எழுதிக் கொடுத்த உறுதிமொழியை மீறியதில்லை, மீறப் போவதுமில்லை. அவள் வந்தால் போதும். ரொட்டி வாட்டக் கற்றுக்கொண்டேன், ஒரு பக்கம் மட்டும் கருகுகிறது.

தங்கள் கெட்டில் என்றும் சூடாயிருக்கவும், முழங்கால் சொன்னபடி மடங்கவும் வாழ்த்துகிறேன். பூனைக்கு என் மரியாதை.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
அலிஸ்டர் பிரிங்கிள்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கெட்டில் ஆவியில் பிரித்து இதைச் சேர்க்கிறேன், என் வாழ்வில் இப்படிச் செய்வது இதுவே முதல்முறை. சற்றுமுன் வானிலை பார்க்க டேப்லெட்டைத் திறந்தேன். விளம்பரம் வந்தது. ரிமு தோட்டமன்று, திமருவில், நான் கேள்வியே பட்டிராத ஒரு முதியோர் குடியிருப்பு. தெவிதாவை அழைத்தேன். “சார், நீங்க தடுத்தது குக்கிய. ஆனா கணக்கு மேடத்தோடதாச்சே? அவங்க போன்லயும் அதே கணக்குத்தான். அவங்க அங்க எதப் பாக்குறாங்களோ, அது இங்க வந்து நிக்குது” என்றார்.

ஆக, ரேவின் தோட்டத்தில் இல்லை. நான்கு நாட்களாகத் தங்கள் சோபாவில் அமர்ந்து வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாங்களும் பக்கத்தில் அமர்ந்திருந்தீர்கள் என்று அனுமானிக்க எனக்கு இடமிருக்கிறது. நான் அதிர்ச்சியடைய முயன்றேன், முடியவில்லை. எங்கள் மாடிக்குப் பதினாறு படிகள். அவற்றைப் பற்றி இரண்டு ஆண்டுகளாக அவளும் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை, நானும் அவளிடம் ஒன்றும் சொன்னதில்லை. பாதிவழியில் நின்று இருவரும் சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்போம்.

எனவே மேலே கண்ட உறுதிமொழியிலிருந்து என்னை விடுவிக்கும்படி ரேவினைத் தயவுசெய்து கேளுங்கள். வாய்மொழியாக விடுவித்தால் போதும், சாட்சி வேண்டாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் காரில் அங்கு வருகிறேன். மூவருமாக அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிடலாம். அந்த விளம்பரத்தை நான் ஒரு வரி விடாமல் மூன்று முறை படித்தேன். ஒற்றையருக்கான அறைகளும் அங்கே இருக்கின்றன. ஆனால் விளம்பரத்தில் வந்து நிற்பது, அதாவது அவள் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தது, வடக்கு வெயில் விழும் ஜன்னலோடு, தம்பதியருக்கான வீட்டை.