இரும்புக் கேட்டு குடித்த கார் ஆயில்

ஆம்பூர்,
சனிக்கிழமை காலை

உடன்பிறந்த பாவத்துக்குத் தம்பி ரத்தினசாமிக்கு, அக்கா அமிர்தவள்ளி எழுதியது. இங்கு எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கேட்காமல் எழுதினால் கடிதம் மொட்டையாக இருக்கும் என்பதால் கேட்கிறேன். உன் குரலைப் போனில் கேட்க மாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவள் நான். கடிதத்துக்கு அந்தச் சத்தியம் செல்லாது.

அக்கா ஏன் பேசுவதில்லை என்று ஊரெல்லாம் கேட்கிறாயாமே. என் மகன் ஜெயப்பிரகாஷ் கல்யாணத்துக்கு மறுநாள் கறிவிருந்தில், மூன்றாவது பந்தியில், தூணோரம், கத்தரிப்பூ நிறச் சட்டையில் உட்கார்ந்து, சம்பந்தி காதில் விழும்படி, "இன்னாக்கா, பிரியாணியில உப்பு கம்மி, உங்க வீட்ல உப்புக்குமா பஞ்சம்?" என்றாய். அந்தச் சட்டையில் இரண்டாவது பொத்தான் வேறு நிறம். மறந்திருப்பேன் என்று நினைக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜெயப்பிரகாஷ் மகள் சோபனா, ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், தன் சம்பளத்தில் கார் வாங்கியிருக்கிறாள். நாளை ஞாயிற்றுக்கிழமை அரக்கோணத்தில் மாப்பிள்ளை வீட்டில் நாங்கள் கை நனைக்க வேண்டும். நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு கார் ஓட்டுதாமே, ஓட்டிக்கினே வரட்டும், பார்க்கலாம்" என்று உதட்டைச் சுழித்திருக்கிறாள், பஸ்ஸில் போய் இறங்கினால் மானம் போய்விடும். அவ்வளவு தூரம் போகிற வண்டிக்குப் புது ஆயில் மாற்ற மெக்கானிக் சமீருல்லா நேற்று நம் வாசலிலேயே பழைய ஆயிலை வடித்தான். கார் கம்பெனி ஒப்புக்கொண்ட ஆயில் எது என்று வண்டியோடு வந்த புஸ்தகத்தில் ஒரு நம்பர் இருக்கிறதாம், அதே நம்பர் டப்பாவிலும் இருக்க வேண்டுமாம், வேறு ஊற்றி இஞ்சின் கெட்டால் கியாரண்டி கிடையாதாம். எங்கெங்கோ அலைந்து வாங்கிய டப்பாவை வாசலில் வைத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனான். டப்பாவைத் திருப்பினேன். பேரணாம்பட்டு உன் ஆயில் கடை ஸ்டிக்கர்!

தோல் பதனிடும் ஷாப்பில் காலமெல்லாம் தோலுக்கு எண்ணெய் ஏற்றியவள் நான். எதையும் விரலில் தொட்டு உரசிப் பார்த்தே சொல்லிவிடுவேன். உன் ஆயில் ரசம் மாதிரி ஓடியது. கலப்படம்! உன் புத்திதானே உன் சரக்கிலும் இருக்கும். வீணாக்கக் கூடாதே என்று, அலறிக்கொண்டிருந்த வாசல் இரும்புக் கேட்டின் கீல்களுக்குக் கொஞ்சம், கிணற்று உருளைக்குக் கொஞ்சம், பக்கத்து வீட்டு முத்துமாரியின் தையல் மெஷினுக்குக் கொஞ்சம் விட்டு, மீதியைக் கொசு ஒழியட்டும் என்று சாக்கடையில் ஊற்றினேன்.

திரும்பி வந்த சமீருல்லா காலி டப்பாவைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஆயா, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க! அது தண்ணி மாதிரிதான் இருக்கும். இந்த இஞ்சினுக்கு அதைத்தான் போடச் சொல்லியிருக்கான்."

"என் தம்பிய எனக்குத் தெரியாதா? கெட்டியா ஒண்ணு வாங்கியா."

"கெட்டியா வேணும்னா லாரி ஆயில்தான். அத ஊத்தினா கம்பெனிக்காரன் கைய விரிச்சிடுவான். சோபனா பாப்பாவுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

சாயந்தரம் நானே பஸ் ஏறி வேலூர் போனேன். ஒரு கடையில் டப்பாவைத் திறந்து விரலை விட்டதற்கு, "பாட்டிம்மா, இது ஊறுகாய் இல்ல" என்றான். அடுத்த கடையிலும் ரசம்தான். எல்லாரும் உன் தோஸ்துகள் போலிருக்கிறது. அதைவிடப் பேஜார், சோபனா எழுதிக் கொடுத்த நம்பர் எந்த டப்பாவிலும் இல்லை, செவ்வாய்க்கிழமைதான் வருமாம். கார் வயிறு காலியாக வாசலில் நிற்கிறது. சோபனா என்னைத் திட்டக்கூட இல்லை. "பரவால்ல ஆயா, பஸ்லயே போலாம்" என்று சொல்லி, நாளைக்குக் கட்ட எடுத்து வைத்த பட்டுப்புடவையைத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இத்தனையும் உன்னால். உன் ஸ்டிக்கர் இல்லாவிட்டால் நான் அந்த டப்பாவைத் தொட்டிருப்பேனா? ஆயில் கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. பேரணாம்பட்டில் நீ கலப்படம் விற்பது எனக்குத் தெரியும், தெரியும் என்பது உனக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதினேன். அரக்கோணம் வரை காரைத் தள்ளிக்கொண்டு போனாலும் போவேன், உன் கடைப் படி ஏற மாட்டேன்.

உன் மனைவி ஜோதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். உனக்கு, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு ஆயுசு.

இப்படிக்கு,
மறதி இல்லாத அக்கா,
அமிர்தவள்ளி

பின்குறிப்பு: எழுதிவிட்டு நிமிர்ந்தால் சோபனா எதிரில் நிற்கிறாள். எப்போது உள்ளே வந்தாள்? பூனை நுழைந்தாலே தெரு முழுக்க அலறும் கேட்டு அது. நானே போய்த் திறந்து மூடித் திறந்து பார்த்தேன், ஒரு முனகல் இல்லை. இந்தக் கடிதம் கொண்டுவரும் சமீருல்லாவிடம் அதே டப்பா ஒன்று கொடு. இல்லாவிட்டால் நீயே எடுத்துக்கொண்டு வா, அவன் பைக்கில் பின்னால் இடம் இருக்கிறது. நாளைக்குக் காரிலும் பின் சீட்டில் இடம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் உப்புப் பொட்டலம் என் மடியில் இருக்கும், கம்மி என்றால் எனக்கு ஜாடை காட்டு, போதும். உன் ஆயிலைக் குடித்த கேட்டு எப்படி இருக்கிறதோ, நீயும் அப்படி இரு.