மெத்தையைச் சேர்க்காமல் பதினோரு நாள்

அன்புள்ள மாமாவுக்கு,

சுண்டெலி எழுதிக்கொள்வது. நடுக்கடலில் கடல் மின்சாரம் எடுக்கும் இரும்பு மேடைமேல் நிற்கும் நீங்கள் நனையாமலும் தும்மாமலும், இரண்டு காலிலும் ஒரே ஜோடிக் காலுறை அணிந்தும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சௌக்கியம், அப்பா சௌக்கியம், நானும் சௌக்கியம் என்று எழுத வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

இப்போது இரவு மணி ஒன்று பத்து. குளியலறையில், துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து, அப்பாவின் வேலை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் அம்மாவின் கோட்டு. எழுத்து கோணலாக இருப்பதில் பாதி குளிரினால். மீதிப் பாதியைக் கீழே சொல்கிறேன். படித்து முடித்ததும் இதைக் கிழித்துக் கடலில் போட்டுவிடுங்கள். எரிக்கத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் உங்கள் மேடையில் ஒரு தீப்பெட்டி வைத்திருந்தாலே வேலை போய்விடும் என்று சொல்லியிருக்கிறீர்கள். நம் குடும்பத்தில் ஒருவர் வேலை போனால் போதும்.

அப்பாவின் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு அழுகை வராது. ஊருக்கு வெளியே பூமிக்கடியில், உப்புப் பாறையைக் கரைத்துக் குடைந்த ஏழு குகைகள். வெயில் காலத்தில் கப்பலில் வரும் கேஸை அவற்றில் அடைத்து வைத்து, குளிர் காலத்தில் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். அப்பா ஏழு கிணறுகளுக்கும் நடந்துபோய் அழுத்த மீட்டரைப் பார்த்து, சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வார். அவர் கையெழுத்து எறும்பு மையில் விழுந்து கரையேறியது போல இருக்கும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அதைத் தெளிவாக வேறு தாளில் எழுதிக் கொடுப்பேன். அந்தத் தாள் பெரிய சாரிடம் போகும். அப்பாவுக்கு மேலே இருப்பவர்களுக்கெல்லாம் மேலே இருப்பவரைத்தான் நாங்கள் பெரிய சார் என்கிறோம். ஊருக்கு இன்னும் பதினோரு நாளைக்குத்தான் கேஸ் என்ற கணக்கு, அவர் கையில் போனதும் அறுபது நாளாகிவிடும்.

எப்படி என்றால், மாமா, மெத்தையைச் சேர்த்துவிடுவார். குகைக்குள் இருக்கும் கேஸ் முழுவதையும் எடுத்துவிட முடியாது. கொஞ்சம் எப்போதும் உள்ளேயே இருக்க வேண்டும். மேலே இருக்கும் கேஸை வெளியே தள்ளுவது அதுதான், குகைச் சுவர் நொறுங்கி உள்ளே விழாமல் தாங்குவதும் அதுதான். வேலையாட்கள் அதற்கு மெத்தை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மெத்தையையும் ஊருக்குக் கொடுக்கப்போவது போலக் கூட்டினால் அறுபது நாள் வரும். கேஸ் கிடங்கு வாசலில் சிவப்பு விளக்கில் ‘கையிருப்பு 60 நாள்’ என்று எரிகிறதே, அது மெத்தையோடு சேர்த்து. அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் அப்பா குனிந்து ஷூ கயிற்றைச் சரிசெய்வார். அப்பாவின் ஷூவில் கயிறே கிடையாது.

நம் வீட்டில் மட்டும் ஒரு மாதமாகக் கேஸ் ஹீட்டரை அணைத்து வைத்திருக்கிறோம். எதிர்வீட்டில் சூடு அதிகமாகிவிட்டது என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பனியனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டு ஆன்ட்டி அம்மாவிடம், “ஏங்க, இவ்வளவு சிக்கனமா இருந்து எங்க கொண்டு போகப் போறீங்க?” என்று கேட்டார். அம்மாவுக்குக் குளிரில் பல் கிட்டிப்போயிருந்தது.

இன்று பள்ளியில் பேச்சுப் போட்டி. தலைப்பு ‘நாட்டுக்குப் பாதுகாப்பு கேஸ் சேமிப்பா, கடல் மின்சாரமா?’ எனக்குக் கேஸ். கடல் பக்கம் என் பெஞ்சுக்காரி. மைக் இல்லாமலே மூன்று வகுப்புக்குக் கேட்கும் என்பதால் அவளை ஒலிபெருக்கி என்போம். சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? பெரிய சாரேதான். முதலில் அவர்தான் பேசினார். “நம்மகிட்ட அறுபது நாளுக்குக் கேஸ் இருக்கு. நீங்க நிம்மதியா படிங்க பசங்களா” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இன்னும் பத்து நிமிடத்தில் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

ஒலிபெருக்கி ஆரம்பித்தாள். “கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை இறங்கும். எவனாலயும் அதிகக் காசு குடுத்து அதை நடுவழியில திருப்பிக் கூட்டிட்டுப் போக முடியாது. போன மாசம் வர வேண்டிய கேஸ் கப்பல் எங்க போச்சு? சொல்லு பாப்போம்!” கப்பல் அதிக விலை கொடுத்த இன்னொரு நாட்டுக்குத் திரும்பிவிட்டது. அது எனக்குத் தெரியும், அதனால் கோபம் வந்துவிட்டது. “உன் கடலை டப்பால அடைச்சு வெக்க முடியுமாடி? ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவுல தண்ணி அசையாம நிக்குமே, அப்ப சக்கரத்தை நீ போய்ச் சுத்துவியா? எங்க மாமா அங்கதான் இருக்காரு. மெஷின் தூங்கறப்ப அவரும் தூங்குறாரு!” என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா. அரங்கம் சிரித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

“சரி, உன் குகையில எத்தனை நாளைக்கு இருக்கு?” என்று கேட்டாள். அறுபது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சிறப்பு விருந்தினரே சொல்லிக்கொடுத்த விடை. ஆனால் எனக்குப் பாதி விடை எழுதிப் பழக்கமில்லை. “மெத்தையைச் சேர்த்தா அறுபது. சேர்க்காம பதினோரு நாள்!” என்று மேஜையைத் தட்டிச் சொல்லிவிட்டு, மெத்தை என்றால் என்ன என்று கரும்பலகையில் குகை வரைந்து விளக்கினேன். உள்ளே ஒரு கட்டிலும் வரைந்தேன். பிறகு கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் மாமா, பதினோரு நாள் எனக்குப் பெரிதாகத்தான் தெரிந்தது. அரையாண்டு விடுமுறையே ஒன்பது நாள்தான்.

கண் மூடியிருந்த தலைமையாசிரியை விழித்துக்கொண்டார். பெரிய சார் சிரித்த முகத்தோடே மைக்கை வாங்கி, “பாப்பா, இந்தக் கணக்கை யார் சொன்னா?” என்றார். “யாரும் சொல்லல சார். அப்பா சட்டைப்பை நோட்டுல இருக்கு. நான்தான் நல்லா எழுதிக் குடுப்பேன்.” “அப்பா யாரும்மா?” சொன்னேன். முழுப்பெயர், ஷிப்ட், எத்தனை வருட சர்வீஸ் எல்லாம் சொன்னேன். முதல் பரிசு எனக்குத்தான், ஒரு மேஜை விளக்கு. அதைக் கொடுக்கும்போது பெரிய சாரின் கை ஜில்லென்று இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் ஒலிபெருக்கி வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினாள். “உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?” என்றாள்.

ஏழு மணிக்குப் பெரிய சார் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் நேராகப் போய்க் கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா சொல்ல வாயெடுத்தாள்; அப்பா கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“நான் ஒண்ணும் கெட்டவன் இல்லம்மா” என்று பெரிய சார் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். “அடுத்த கப்பல் பன்னெண்டாவது நாள் வந்துடும். ஒரு நாள்தான் இடிக்குது. அதையும் எப்படியாவது சமாளிச்சுடுவேன். விஷயம் வெளிய தெரிஞ்சா ஜனங்க பயந்து ஹீட்டரை முழுசாத் திருப்பி வெச்சுக்குவாங்க. பதினொண்ணு அஞ்சாயிடும்.”

“இப்பவும் முழுசாத்தானே சார் திருப்பி வெச்சிருக்காங்க? வாசல்ல அறுபதுன்னு எரியுதே” என்றார் அப்பா. “தெரிஞ்சா ஆளுக்கு ரெண்டு ஸ்வெட்டர் போடுவாங்க. பதினொண்ணு இருபதாகும். இந்தக் கப்பலும் திரும்பிப் போயிட்டா என்ன சார் பண்ணுவீங்க?”

“நீ மீட்டரைப் பாரு. ஜனங்களை நான் பாத்துக்கறேன்.”

பிறகு ஒரு தாளை மேஜையில் வைத்தார். நாளை காலை எட்டரைக்கு, பள்ளி அசெம்ப்ளியில், எல்லோர் முன்னிலையிலும் நான் அதைப் படிக்க வேண்டும். ‘நேற்று நான் சொன்ன எண் என் கற்பனை. அதற்காக வருந்துகிறேன்.’ அவ்வளவுதான். கூடவே அப்பா அந்த நோட்டைக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நாளையிலிருந்து மீட்டர் பார்க்க வேறு ஆள், இந்தக் குவார்ட்டர்ஸில் வேறு குடும்பம், ரகசியத்தை வெளியிட்டதற்குப் போலீஸ். “நோட்டு எங்க?” என்றார். “சட்டையோட துவைக்கப் போட்டுட்டேன்” என்றாள் அம்மா. அது சமையலறை ஓவனுக்குள் இருந்தது. ஒரு மாதமாக நம் வீட்டில் யாரும் திறக்காத இடம் அது ஒன்றுதான். அவர் எழுந்தபோதுதான் நாற்காலி விழுந்தது, அவர் போன பிறகு யாரும் அதை எடுத்து நிறுத்தவில்லை.

“ஒரு வரிதானேடி, சொல்லிட்டு வந்துடு” என்று அம்மா சாப்பிடும்போது சொன்னாள். “நீ பரீட்சைல தப்பா எழுதினதே இல்லையா?” சொல்லிவிட்டு அவளே அழுதாள். அப்பா என்னைத் திட்டவே இல்லை. “போய்த் தூங்கு” என்று மட்டும் சொன்னார். நாலு அடி அடித்திருந்தால் தூங்கியிருப்பேன்.

தூக்கம் வராமல் சமையலறைக்குப் போய், நீங்கள் சுவரில் ஒட்டிவிட்டுப் போன கடல் ஏற்ற இறக்க அட்டவணையை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கும் முன்கூட்டியே அச்சடித்துவிட்டார்கள். எந்த நாள், எந்த நிமிடம், எவ்வளவு உயரம் என்று எல்லாம் இருக்கிறது. அதில் யாராலும் மெத்தையைச் சேர்க்க முடியாது. போன லீவில் அப்பா உங்களிடம், “உன் மெஷின் ஒரு நாளைக்கு நாலு தடவை தூங்குது மச்சான்” என்று கேலி செய்தபோது, “எப்ப தூங்கும்னு முன்னாடியே சொல்லிட்டுத் தூங்குது அத்தான்” என்றீர்களே, அப்போது எனக்கு அது புரியவில்லை. ஆனால் விரலை வைத்துப் பதினோராவது நாளை எண்ணிப் பார்த்தேன் மாமா. அந்த மாதத்திலேயே கடல் மிகக் குறைவாக ஏறும் நாள், மின்சாரமும் மிகக் குறைவாக வரும் நாள் அதுதான். கடலும் பொய் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நாலு சக்கரத்தில் ஒன்று சிப்பி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதை இப்போதே சுரண்டி வையுங்கள். எங்களுக்காக இல்லை. தெருமுனை ஆஸ்பத்திரியில் மாதம் முடியாமல் பிறந்த குழந்தைகளை வைக்கும் அறைக்குள் கேஸில் காய்ச்சிய வெந்நீரோடு மஞ்சள் பெயின்ட் அடித்த குழாய் ஒன்று போகிறது. பள்ளிக்குப் போகும்போது தினமும் அதைத் தொட்டுப் பார்ப்பேன், சூடாக இருக்கும். அது ஆறிவிட்டால் அந்த அறைக்கு மட்டுமாவது உங்கள் மின்சாரம் போதுமா? இந்தக் கடிதம் படகில் உங்களிடம் வர நாலு நாளாகும். நீங்கள் படிக்கும்போது ஏழு நாள்தான் மீதி இருக்கும். உங்கள் பதில் அசெம்ப்ளிக்கு முன்னால் வராது என்று தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

நாளை அந்த வரியைப் படித்துவிடப் போகிறேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் ஆறு முறை சொல்லிப் பார்த்தேன். ‘கற்பனை’ என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் விக்கல் வருகிறது. என் பெரிய வாயால் அப்பாவின் வேலை போகக் கூடாது. நீங்களும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிற இரவு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் ரேஸரை மழுங்கடித்தது அப்பா இல்லை. நோட்டுக்கான பென்சிலை நான்தான் அதில் சீவினேன். நீங்கள் இரண்டு பேரும் அதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தது எனக்கு வருத்தம்.

உங்களுக்குக் கடல் அமைதியாகவும் சக்கரங்களுக்கு மட்டும் வேகமாகவும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, அம்மாவின் அன்பையும் அப்பாவின் வழக்கமான கேலியையும் சேர்த்து அனுப்பி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
வாயை மூடத் தெரியாத உங்கள்
சுண்டெலி

பி.கு.: மாமா, இதைக் கிழிக்க வேண்டாம். இது உங்களுக்கு வராது. டார்ச்சைத் தேடி வந்த அப்பா என்னைப் பார்த்துவிட்டார். கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தார். நாற்காலி விழுந்த இடத்தில் மட்டும் சிரித்தார். பிறகு பென்சிலை வாங்கி ஒரே ஒரு திருத்தம் செய்தார். “பதினொண்ணு ஞாயித்துக்கிழமைக் கணக்கும்மா. இன்னைக்கு எட்டு. குளிர் ஏறிடுச்சு.” அப்படியானால் கப்பல் வருவதற்குள் ஒரு நாள் இல்லை, நாலு நாள் இடிக்கிறது. “மாமாவுக்கு வேண்டாம். கவர்ல பேப்பர் ஆபீஸ் அட்ரஸ் எழுது. இப்பவே நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்” என்றார். “அப்ப நாளைக்கு அந்த வரி?” என்று கேட்டேன். “நான் சொல்ல வேண்டியதை எனக்கு முன்னாடி நீ சொல்லிட்ட. அதைத் திருப்பி வேற வாங்கணுமா?” என்றார். நாற்காலி, ரேஸர், கட்டில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நல்லபடியாக எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். “நேரமில்ல. இருக்கட்டும், அப்பதான் நம்புவாங்க” என்கிறார். ஆக ரேஸர் விஷயமும் அச்சில் வரும். உங்கள் படகில் பேப்பரும் வருமல்லவா, அதில் படித்துக்கொள்ளுங்கள். அம்மா ஓவனிலிருந்து நோட்டை எடுத்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அட்டைப் பெட்டி ஒன்றை விரித்துப் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்திருக்கிறாள். பேர் போடாமல் அனுப்பலாம் என்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தேன். அப்பா கேட்கவில்லை, கீழே தன் பெயரைப் போட்டுவிட்டார். அது என்ன எழுத்து என்று யாராலும் படிக்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி, அதன் கீழே நானே தெளிவாக எழுதிவிட்டேன்.