கணிதம் கணிதத்துக்குச் சமம் என்பதற்கான சான்று

பெருநகர் கிராமத்துக் கன்னியப்பன் மகள் சசிரேகா கணிதப் பட்டதாரி. அந்தக் குடும்பத்தில் அவளுக்கு முன் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. அவள் சான்றிதழில் ‘கணிதம் (கணினி அறிவியல் சார்ந்தது)’ என்று அச்சிட்டிருந்தது. வெறும் கணிதத்துக்கு ஒன்பது பேர்தான் சேர்கிறார்கள் என்று கல்லூரி அந்த அடைப்புக்குறியைச் சேர்த்தது. மறுவருஷம் அறுபது பேர் சேர்ந்தார்கள். வாத்தியார் அதே வாத்தியார். கரும்பலகையும் அதேதான்.

முதுகலைக் கணிதத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒரே ஒரு தாளைக் கொடுத்தால் போதும்: அவள் படித்த கணிதம் கணிதத்துக்குச் சமம் என்ற சான்று.

புதன்கிழமை அப்பாவும் மகளும், எந்தப் பட்டம் எதற்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அலுவலகத்தில் போய் நின்றார்கள். கணிதப் பிரிவுக் கண்காணிப்பாளர் மணவாளன் சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அடைப்புக்குறி இருக்குதேம்மா. கணக்குல அடைப்புக்குறி வந்தா எதை மொதல்ல போடுவே?”

“உள்ள இருக்கறதை சார்.”

“அப்ப மொதல்ல கணினிப் பிரிவுக்குப் போ.”

மாடியில் இருந்த கணினிப் பிரிவு, மொத்தம் முப்பத்தாறு தாள்களில் பதினொன்றே கணினி என்று கண்டறிந்தது. மீதி இருபத்தைந்தின் மீது தனக்கு அதிகாரம் இல்லை எனக் குறிப்பெழுதிக் கீழே திருப்பியனுப்பியது. இதற்குள் வியாழக்கிழமை முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சசிரேகா தேடிப் பிடித்த ஓர் அரசாணையை நீட்டினாள். “சார், கணிதம், கணினி சார்ந்த கணிதத்துக்குச் சமம்னு ஏற்கெனவே ஆணை இருக்குது சார்.”

“அது போற வழி. நீ கேக்கறது வர்ற வழி. அதுக்கு ஆணை இல்ல.”

“சமம்னா ரெண்டு பக்கமும் சமம்தானே சார்?”

“உங்க ஊரு பஸ்ஸு உத்திரமேரூர் போய்த் திரும்பறப்ப போர்டை மாத்துறாங்களா இல்லியா?”

“மாத்துறாங்க சார்.”

“அந்த போர்டுதாம்மா அரசாணை.”

“பஸ்ஸு ஒரே பஸ்ஸுதானே சார்?” என்றார் கன்னியப்பன்.

“அதை நிபுணர்தான் சொல்லணும்” என்றார் மணவாளன்.

கன்னியப்பன் டீ குடிக்கப் போனார். நிபுணர் என்பவர் கணிதமும் கணினியும் ஒருங்கே கற்றவராக இருத்தல் வேண்டும். பதிவேட்டில் அப்படி ஒருவரும் இல்லை. மணவாளன் கண்ணாடிக்கு மேலாகச் சசிரேகாவைப் பார்த்தார்.

“நீ ரெண்டும் படிச்சிருக்கே இல்ல?”

“அது செல்லுமான்னு கேக்கத்தானே சார் வந்திருக்கேன்?”

“நிரந்தர நிபுணருக்குத்தான் செல்லணும். நீ தற்காலிகம். சாயங்காலம் வரைக்கும்.”

உள்ளறையில் நாற்காலி போட்டார்கள். பச்சை மைப் பேனா வந்தது. அவளுடைய கோப்பே அவள் முன் வைக்கப்பட்டது.

“தாராளமா கையெழுத்துப் போடும்மா” என்றார் மணவாளன். “ஒண்ணே ஒண்ணு. நாளைக்குத் தணிக்கையில கேள்வி வந்தா நிபுணர்தான் பதில் சொல்லணும்.”

டீ குடித்துத் திரும்பிய கன்னியப்பனை பியூன் வாசலிலேயே நிறுத்தினார். “உள்ள நிபுணர் பாத்துக்கினு கீறாரு. உம் பொண்ணும் அங்கதான் கீது.”

“நல்ல மனுசனா இருக்கட்டும்” என்று கன்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

சசிரேகா எந்தக் கணக்கிலும் ஒரு படியைக்கூடத் தாண்டியவள் அல்ல. ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். பதினான்காம் பக்கத்தில் நின்றாள். பாடத்திட்ட நகலில் கல்லூரி முத்திரை பாதிதான் விழுந்திருந்தது. விண்ணப்பதாரராகப் பார்த்தால் அது பெரிய குறையில்லை. நிபுணராகப் பார்த்தால் அதைத் தாண்ட முடியவில்லை. தணிக்கை என்ற சொல் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. நாலேகாலுக்குப் பேனாவை எடுத்தாள்.

மணவாளன் அவள் எழுதியதை இரண்டு தடவை படித்தார். “இருவத்தெட்டு வருஷ சர்வீஸ்ல எனக்கே இது கண்ணுல படலம்மா” என்றார்.

கடிதத்தை ஒப்புகைப் புத்தகத்தில் கையெழுத்திட்டு அவளே பெற்றுக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் மணி ஐந்தடித்தது. “இன்னா எழுதிக்கீது, படி” என்றார் கன்னியப்பன்.

“முத்திரை முழுமையாகப் பதியாததால், விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது. உரிய நகலுடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்.”

“எந்தப் பாவி எழுதுனான் இத? அவன் வூட்டுல படிச்ச புள்ளைங்களே இல்லியா?”

“இருக்குது நைனா” என்றாள் சசிரேகா. “ஒண்ணே ஒண்ணு.”