மேலாளரின் குடையும் சம்மத விதியும்

மனித குலம் சம்மதத்தைப் பற்றி இதுவரை யோசித்ததெல்லாம் வெறும் ஒத்திகை. அசல் யோசனை எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மின்விசிறி ஓடாத கூட்ட அறையில், போன செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நடந்தது.

சம்மதம் எங்களுக்குப் புதிதல்ல. மேலாளரின் குடையை இரவல் வாங்கவே தனிப் படிவம் உண்டு. மூன்று பிரதி, அவர் கையெழுத்து, ஒரு சாட்சி. ஒருமுறை அவசரத்தில் நான் சும்மா எடுத்துப் போய்விட்டேன். "வேணாம்னு சொல்லலைதான். ஆனா சரின்னு சொன்னேனா?" என்று கேட்டு விளக்கக் கடிதம் வாங்கினார். எப்பேர்ப்பட்ட தத்துவம்!

கூட்டம் எங்கள் தட்டச்சர் பெண் கொடுத்த புகாரைப் பற்றி. மேலாளர் தன் தோளில் கை வைக்கிறார், நாற்காலியை நகர்த்திக்கொண்டாலும் விடுவதில்லை என்று எழுதியிருந்தார். வாய்விட்டுச் 'சரி' என்றால்தான் சம்மதம் என்று விதி வேண்டுமாம். விஷயம் நன்றாகத் தெரிந்தவர் என்பதால் மேலாளரே தலைமை தாங்கினார். குறிப்பெடுக்க வேறு ஆளில்லாததால் தட்டச்சரே எடுத்தார்.

"எதுக்கெடுத்தாலும் கேட்டுக்கிட்டே இருந்தா, மனுஷங்க எப்படிப் பழகுறது?" என்று கண் கலங்கினார் சட்ட ஆலோசகர்.

"அவங்க ஒண்ணுமே சொல்லலையே," என்றார் மேலாளர்.

"இப்போ சொல்றேன் சார். எனக்குப் பிடிக்கலை."

"குறிப்பெடுக்கிறவங்க கூட்டத்துல பேசக்கூடாதும்மா."

தட்டச்சர் என் பக்கம் திரும்பினார். அவருக்கு அடுத்த மேசை என்னுடையது.

"அண்ணா, நீங்க பார்த்தீங்கல்ல? ஒரு வார்த்தை சொல்லுங்க."

பார்த்தேன். ஒரு தடவை அல்ல. ஆனால் என் பதவி உயர்வுக் கோப்பு மேலாளர் மேசையில் இருக்கிறது. நான் எதிரிலிருந்த தண்ணீர் கிளாஸை ஆராய்ந்தேன். மிக நல்ல கிளாஸ்.

'மறுத்துச் சொல்லாதவர் ஒப்புக்கொண்டவரே' என்ற விதி ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் கூட்டக் குறிப்பு சுற்றுக்கு வந்தது. வழக்கம்போல எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம். மேலாளரும்தான். அது தலைமை அலுவலகத்துக்குப் போன பிறகுதான் கடைசி வரியை யாரோ படித்தார்கள்: "மேலாளர் தோளில் கை வைத்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, அடுத்த மேசைக்காரர் மறுத்துச் சொல்லவில்லை. ஆகவே புதிய விதிப்படி ஒப்புக்கொண்டார்."

மேலாளர் பாய்ந்து வந்தார். "நீ எப்பய்யா ஆமான்னு சொன்னே?"

"இல்லைன்னு சொல்லலையே சார்."

இதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெருமையெல்லாம் எங்கள் விதிக்கே. அந்தப் பெண் கெஞ்சிக் கேட்டும் வாய் திறக்காத ஒரு கோழையைக்கூட அது சாட்சியாக்கிவிட்டது.