ஒத்திகை பார்த்த துக்க மணி

என் மனைவியின் தம்பி ஜெரால்ட் ஒரு பொய்யன். சர்ச் மணி விவகாரத்தில் தப்பு முழுக்க என்னுடையது என்று லிங்கராஜபுரம் பூராவும் சொல்லி வைத்திருக்கிறான். நடந்ததை நான் சொல்கிறேன்.

எங்கள் சர்ச்சில் மணிக் கயிறு இழுக்க ஆள் கிடைப்பதில்லை. மோட்டார் வைத்து, அதை ஓட்ட ஒரு பி.எல்.சி. மாட்டலாம் என்று என் மாமனார் கமிட்டியில் சொன்னார். (எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும் என்று உத்தரவு போடும் பெட்டி அது. தொழிற்சாலைகளில் இருக்கும்.) "என் மாப்பிள்ளை செய்வான்" என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது பேனல் வயரிங் மட்டும். கோபுரத்தில் எல்லாவற்றையும் மாட்டி, சர்ச் ஆபீஸ் வரை கேபிள் இழுத்தேன். புரோகிராம் எழுதியது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஜெரால்ட். பெருமை எனக்கு வந்தது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஃபாதருக்குத் துக்க மணியை நினைத்துத்தான் பயம். யாராவது இறந்தால் மெதுவாக, விட்டுவிட்டு அடிக்க வேண்டும். ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக்கூடாது. "முதல்ல கம்ப்யூட்டர்ல காட்டுங்க. சரியா வரலேன்னா பழைய கயிறே போதும்" என்றார். மாமனாரின் மானம் என் லேப்டாப்பில் ஏறி உட்கார்ந்தது. அவரோ பித்தப்பை ஆபரேஷன் முடிந்து முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தார்.

சிமுலேட்டர் என்பது, நிஜப் பெட்டியைத் தொடாமல் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பொய்ப் பெட்டியை ஓட்டிக் காட்டும் மென்பொருள். சர்ச் ஆபீஸில் உட்கார்ந்து, கோபுரத்துக் கேபிளையும் செருகி, அதை ஏற்றி முடிப்பதற்குள் லேப்டாப் தோசைக்கல் ஆகிவிட்டது. கடைசியில், எந்தப் பெட்டியோடு சேர வேண்டும் என்று கேட்டது. மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் வெறும் எண்கள். ஜெரால்டுக்கு போன் போட்டேன்.

"மேல இருக்கறத செலக்ட் பண்ணு மச்சான். நான் மீட்டிங்ல இருக்கேன்."

மேலே இருந்ததைத் தொட்டேன். (ஏதோ எச்சரிக்கை வந்தது. 'ஆம்' என்று அழுத்தினேன். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?) ஃபாதரும் கமிட்டியும் பார்த்திருக்க, துக்க மணியை அழுத்தினேன். திரையில் மணி ஆடியது. டங்... என்று கம்பீரமாகச் சத்தம் வந்தது.

"பாத்தீங்களா ஃபாதர், சவுண்டு கூட ஒரிஜினல் மாதிரியே வருது!"

ஃபாதர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "தம்பி, அது ஒரிஜினல்தான்."

நிறுத்தும் பொத்தானைக் குத்து குத்தென்று குத்தினேன். நிற்கவில்லை. பாதியில் நிறுத்தக்கூடாது என்று ஃபாதர் சொன்னதை ஜெரால்ட் அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தான். கரண்டை நிறுத்தலாம் என்றால் பேனல் பெட்டியின் சாவி மாமனார் வீட்டில். ஓடினேன்.

உடம்பு முடியாமல் இருப்பது மாமனார்தான் என்று ஏரியாவுக்கே தெரியும். நான் போவதற்குள் வாசலில் கூட்டம். பூக்கடை ரத்னம்மா மாலையோடு நின்று, "ஒள்ளே மனுஷரு" என்று கன்னடத்தில் அழுதுகொண்டிருந்தார். (நல்ல மனிதராம். மாமனார் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அந்தம்மா அப்படிச் சொன்னதில்லை.)

கதவைத் திறந்தவர் மாமனார். கையில் பாதி ரஸ்க்.

"யாருக்கும்மா மணி? மாலை யாருக்கு?"

"சும்னே சார், சும்னே" (சும்மாதானாம்) என்று ரத்னம்மா மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"மாமா... பேனல் சாவி..." என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நம்ம மணியா மாப்ளே? என்னமா கணீர்னு கேக்குது!"

அப்பா போய்விட்டார் என்று யாரோ போன் செய்ய, மீட்டிங்கை விட்டு டாக்ஸியில் அழுதுகொண்டே வந்த ஜெரால்ட், அப்பா இன்னொரு ரஸ்க் தின்பதைப் பார்த்ததும் என் சட்டையைப் பிடித்தான்.

"நீதானேடா மேலன்னு சொன்னே?" என்றேன்.

"கீழன்னு சொன்னேன் மச்சான்! உனக்குக் காது அவுட்டு."

அங்கே ஆரம்பித்தது அந்தப் பொய்.

ஊரே நம்பிய மணிக்கு வேறு சோதனை எதற்கு என்று ஃபாதர் அன்றே சம்மதித்துவிட்டார். ஆனால் இன்றும் துக்க மணி அடித்தால் போதும், மாமனார் எனக்கு போன் போட்டுவிடுவார். "மாப்ளே, நான் இல்லையே?" பின்னால் மொத்தக் குடும்பமும் சிரிக்கிற சத்தம் கேட்கும். அதில் ஜெரால்டின் சிரிப்புதான் பெரியது.

டேய் ஜெரால்ட், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் மைக் உன் கைக்கு வரும். ஃபாதரிடம் பேசிவிட்டேன். நீ சொன்னது மேலேயா, கீழேயா? எல்லோர் முன்னாலும் சொல்.