ரைஃபிளுக்குத் துண்டு போட்டேன்

'டக்.'

முதலில் கேட்டது அந்தச் சத்தம்தான். விக்டர் சார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து வந்தது. பழைய அம்பாசிடர் கார் கதவைச் சாத்தினால் வருமே, அந்த மாதிரி. ஆனால் அதைவிடச் சின்னதாக, அதைவிடக் கனமாக.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஒரு மாசமாகப் போனில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் போன வேலை வேறு. வாஷிங் மெஷின் வாங்கப் போனேன். பழைய வாஷிங் மெஷின்.

விக்டர் சார் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். அல்சூர் ஏரிக்குப் பின்பக்கம் வீடு. மங்களூரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறார், அதனால் வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார் என்று என் மனைவி செல்விக்கு ஸ்கூலில் யாரோ சொன்னார்கள். செல்வி அங்கே ஆயாவாக இருக்கிறாள். மூன்று மாசமாக அவளுக்கு வலது மணிக்கட்டில் வலி. டாக்டர் துணி பிழியவே கூடாது என்று சொல்லிவிட்டார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கிளம்பும்போது செல்வி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மெஷினைப் பாரு, ஏத்து, கொண்டா. வேற எதையும் பாக்காத."

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. மிக்ஸி ஜார் வாங்க அனுப்பியபோது நான் டெலஸ்கோப் ஸ்டாண்டோடு வந்தவன். டெலஸ்கோப் இல்லை, ஸ்டாண்டு மட்டும்.

என் வேலை அப்படி. பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை குளிர் அறையின் டெம்பரேச்சரைப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். எழுத அஞ்சு நிமிஷம். மிச்ச ஐம்பத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? படிக்கிறேன். எனக்கு வாத்தியார் கிடையாது, பரீட்சை கிடையாது, அதனால் ஃபெயிலும் ஆனதில்லை. தேனீ வளர்ப்பு முடித்தேன். கலங்கரை விளக்கம் கட்டுவது முடித்தேன். இந்த மாசம் இரட்டைக்குழல் ரைஃபிள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரெண்டு குழல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எது சுட்டாலும் தூரத்தில் ஒரே இடத்தில் அடிக்க வேண்டும். அதற்காக ஒரு ஆள் உட்கார்ந்து, சுட்டுப் பார்த்து, கையாலேயே சரிசெய்து ஒட்டுவான். கையால் செய்ததால் எண்ணிக்கை கம்மி. எண்ணிக்கை கம்மியானதால் எத்தனை கை மாறினாலும் விலை இறங்காது. பழசு வாங்கும்போது குழலுக்குள்ளே துரு அரித்திருக்கிறதா, பாகங்களில் நம்பர் ஒத்துப்போகிறதா, மூடும்போது 'டக்' சுத்தமாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் வீடியோவில் சொல்வது. அவர்கள் ஊரில்.

உள்ளே போனேன். சாப்பாட்டு மேஜையில் பழைய பெட்ஷீட் விரித்து, அதன் மேல் அது படுத்திருந்தது. விக்டர் சார் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மெஷினுக்கு வந்தியா? பின்னாடி இருக்கு, பாரு" என்றார்.

நான் அசையவில்லை. "சார், இது டபுள் ரைஃபிள்தானே?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்து அப்படி ஒரு கேள்வி கேட்டவன் நான்தான் முதல் ஆள் போல. அதை அவர் அப்பாவுக்கு ஒரு எஸ்டேட் துரை கொடுத்தாராம். அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் இவர் பேருக்கு வந்தது. ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. எலெக்‌ஷன் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க ஒரு ஆட்டோ, முடிந்ததும் திரும்ப வாங்க ஒரு ஆட்டோ, லைசென்ஸ் புதுப்பிக்க இன்னொரு ஆட்டோ.

"இத்தனை வருஷத்துல இது பாத்த ஒரே காடு கப்பன் பார்க்தான், மேன். அதுவும் ஆட்டோக்குள்ள இருந்து" என்றார்.

கையை நீட்டினேன். பட்டென்று தட்டிவிட்டார். லைசென்ஸ் அவர் பேரில், நான் தொடக்கூடாது, பார்க்கலாம். அதனால் ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, இன்குபேட்டரில் இருக்கிற குழந்தையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தேன். துரு இல்லை. நம்பர் ஒத்துப்போனது. இன்னொரு தடவை மூடிக் காட்டச் சொன்னேன். 'டக்.' சொக்கிவிட்டேன்.

மரம் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே மின்னியது. கேட்டேன். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் சர்ச் பெஞ்சுக்கெல்லாம் இவர்தான் பாலிஷ் அடிப்பாராம். மிச்சம் இருப்பதை இதற்கும் அடித்துவிடுவாராம்.

எனக்கு அழுகையே வந்தது. பாலிஷ் அடித்தால் மதிப்பு போய்விடும் என்று வீடியோவில் தலையில் அடித்துக்கொள்வார்கள். சரி, பாதி போனால்கூட மிச்சப் பாதி இருக்குமே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வெளியே லக்கேஜ் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் விக்டர் சாரிடம், இந்த ரைஃபிளை எனக்காக வையுங்கள், யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். லைசென்ஸ் இருக்கிறதா என்றார். வாங்கிவிடுவேன் என்றேன்.

"அப்போ மெஷின்?"

"அதுக்கு என்ன சார் அவசரம். அடுத்த சனிக்கிழமை எடுத்துக்கறேன்."

"காலையில இருந்து மெஷினுக்கு ஏழு போன் வந்துது. இதுக்கு ஒண்ணுகூட இல்ல" என்றார்.

ஒரு மனுஷனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எடுத்துச் சொல்ல முடியாது. எனக்கு ஏறவில்லை.

வெறும் லக்கேஜ் ஆட்டோவின் பின்னால் நான் ஒருவனே லக்கேஜாக உட்கார்ந்து ஜீவனஹள்ளிக்குத் திரும்பினேன்.

செல்விக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னேன். வாஷிங் மெஷின் கடையை விட்டு இறங்கிய நிமிஷமே விலை பாதி, வருஷம் போகப் போக அது வெறும் தகரம். ரைஃபிள் அப்படியில்லை, இன்னும் பத்து வருஷம் கழித்து அதை விற்றால் பத்து மெஷின் வாங்கலாம் என்றேன். அவள் மணிக்கட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அதுல பெட்ஷீட் போட முடியுமா?"

அடுத்த சனிக்கிழமை வீட்டில் மெஷின் இருக்க வேண்டும், இல்லையென்றால் உன் யூனிஃபார்மில் இருந்து ஆரம்பித்து எல்லாத் துணியும் உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து, தூங்காமல், நேராக ஸ்டேஷனுக்குப் போனேன், லைசென்ஸ் விசாரிக்க. அங்கே இருந்த ஏட்டு தன்மையானவர். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். எதற்கு ரைஃபிள் என்று கேட்டார். முதலீடு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முதலீடு என்றால் வீடு கட்ட சைட்டு வாங்கு, தங்கம் வாங்கு, ஃபாரத்தில் இதற்குக் கட்டம் கிடையாது என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். நிலம் இருக்கிறதா, பயிரைக் காட்டுப்பன்றி அழிக்கிறதா? ரெண்டு தொட்டியில் கறிவேப்பிலை இருக்கிறது, பூச்சி வருகிறது என்றேன். நகைக்கடை, பெட்ரோல் பங்க்? இல்லை. ரைஃபிள் கிளப்? இல்லை. உயிருக்கு யாராலாவது ஆபத்து?

யோசித்தேன். யாரும் இல்லை.

"ஒரு சண்டைகூடவா இல்ல?" அவருக்கே என் மேல் பரிதாபம் வந்துவிட்டது.

அப்போதுதான் மாடி வீட்டு முனிராஜு ஞாபகத்துக்கு வந்தார். அவர் வீட்டுக் கொடியில் காயப்போடும் துணியிலிருந்து என் பைக் சீட் மேல் தண்ணீர் சொட்டும். ரெண்டு வருஷமாக எங்களுக்குள் தகராறு. ஒரு தடவை "பாத்துக்கறேன்" என்றுகூடச் சொல்லியிருக்கிறார். இதை ஏட்டிடம் கொஞ்சம் காரம் சேர்த்தே சொன்னேன். அவர் உடனே நம்பர் வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, கீழ் வீட்டு சேகரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"சேகர் சாரா? தும்பா ஒள்ளேயவரு" என்றது முனிராஜுவின் குரல். ரொம்ப நல்லவராம். வாய் திறந்து ஒரு வார்த்தை அதிர்ந்து பேசமாட்டாராம். ராத்திரி வேலைக்குப் போகிறவர், பாவம், அவரை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

ஏட்டு போனை வைத்தார். டீ சொன்னார்.

நாற்பத்தாறு வயசு ஆகிறது. என்னைக் கொல்ல வேண்டாம், சும்மா மிரட்டக்கூட இந்த ஊரில் ஒருத்தர் தேறவில்லை. அந்த டீ ஏனோ கசந்தது.

அன்று சாயங்காலம் முனிராஜு இறங்கி வந்தார். முகமெல்லாம் கவலை. ஸ்டேஷனுக்கு ஏன் போனீர்கள், ஏதாவது பிரச்சினையா, வக்கீல் வேண்டுமா என்று கேட்டார். உங்களை எதிரியாக எழுதிக்கொடுக்கப் போனேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அல்சூரில் ஒருத்தர் வீட்டுச் சாமான் விற்கிறார், நம்பகமான ஆளா என்று விசாரிக்கப் போனேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.

என்ன சாமான் என்றார். கட்டில் இருக்கிறது, பீரோ இருக்கிறது, மெஷின் இருக்கிறது என்றேன். நம்பர் கேட்டார். கட்டிலுக்காக என்று நினைத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மறுபடியும் அதே லக்கேஜ் ஆட்டோ. இந்தத் தடவை ரைஃபிள் பக்கமே திரும்புவதில்லை என்று சபதம். விக்டர் சார் வீட்டில் என் குரல் எதிரொலித்தது. எல்லாம் போய்விட்டிருந்தது. மெஷின் இருந்த இடத்தில் நாலு வட்டக் கறை மட்டும் இருந்தது.

"நீ அனுப்பின ஆள்தான் நேத்து மத்தியானம் வந்து எடுத்துட்டுப் போனாரு. உன் பேரைச் சொன்னாரேன்னு உடனே கொடுத்துட்டேன்" என்றார். இன்னொருத்தரும் அதே நேரத்துக்கு வந்து நிற்க, போட்டியில் என்னிடம் சொன்ன விலையைவிட ஏற்றியே கொடுத்தாராம் முனிராஜு. ஒன்பது வருஷ மெஷின்.

அப்படியானால் ரைஃபிள்?

"நீ சொன்ன மாதிரியே யாருக்கும் கொடுக்கல. யாரும் கேக்கவும் இல்ல." துப்பாக்கிக் கடைக்காரரையும் கேட்டுப் பார்த்தாராம். மதிப்பு இருக்கிறது, வாங்கத்தான் ஆள் இல்லை, அதற்குத் தோட்டாவே இங்கே கிடைக்காது என்று சொல்லிவிட்டாராம் அவர். அதனால் திங்கட்கிழமை அரசாங்கத்திடமே சும்மா ஒப்படைத்துவிட்டு ஒரு ரசீது வாங்கிக்கொள்ளப் போகிறார். கடைசியாக ஒரு தடவை மூடிக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நேற்று மத்தியானம் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். வீட்டில்தான். தூங்கிக்கொண்டிருந்தேன். என் தலைக்குப் பக்கத்துப் படிக்கட்டிலேயே அதை மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தபோது செல்வி பின்பக்கம் துவைக்கிற கல் பக்கத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் 'டக்' என்று ஒரு மூடி விழுந்தது. நல்ல கனமான, சுத்தமான சத்தம். பிறகு மெஷின் சுற்ற ஆரம்பித்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வாசலில் என் பைக்கைப் போய்ப் பார்த்தேன். மேலே கொடி நிறையத் துணி. சீட்டில் ஒரு சொட்டு இல்லை. மெஷின் நன்றாகப் பிழிகிறது. எனக்கு இருந்த ஒரே பகையும் அதோடு முடிந்தது.

பின்பக்கம் திரும்பினேன். செல்வி பக்கெட்டில் இருந்து பெட்ஷீட்டை எடுத்து, இடது கையாலேயே ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

"அந்தப் பக்கம் புடி. நான் புடிச்சுக்க மட்டும்தான் செய்வேன், நீதான் முறுக்கணும்."

முறுக்கினேன். தண்ணீர் கல்லில் கொட்டியது. இன்னும் ரெண்டு தலையணை உறையும் என் யூனிஃபார்மும் பாக்கி இருந்தன.